கோலாலம்பூர் வீட்டுக்குள் ஹைட்ரோபோனிக் கீரை: உரத்துக்கு முன் தண்ணீரின் சூடு

மண்ணில்லாமல் உரத்தண்ணீரில் செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக் முறையைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் உரம் வாங்குகிறார்கள், பிறகு விளக்கு வாங்குகிறார்கள். தெர்மாமீட்டர் பெரும்பாலும் வாங்கப்படுவதே இல்லை. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பலவும் குளிர்நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே அறையைச் சூடேற்றுவதுதான் கவலை. இங்கே பகலில் 32, 33 டிகிரி, இரவில் 24, 25. குழாயில் வரும் தண்ணீரே 27, 28 டிகிரி இருக்கும். அடுக்குமாடியின் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து மதியம் இறங்கும் தண்ணீர் அதைவிடச் சூடு. செடி சாகிறதென்றால் பெரும்பாலும் குற்றவாளி உரமில்லை. வேர் வெந்நீரில் மூச்சுத் திணறுகிறது, அவ்வளவுதான்.

இதில் வருவது மின்விளக்கின் கீழ், ஆறு செடி கொள்ளும் ஒரே பெட்டிக்கான அளவுகள். ஒரு பெட்டி ஒழுங்காக ஓடிய பிறகு இரண்டாவதைப் பற்றி யோசிக்கலாம்.

எதை நடுவது

சந்தையில் அழகாகச் சுருண்டு கிடக்கும் சாலட் கீரை பெரும்பாலும் கேமரன் மலையிலிருந்து வருகிறது. அந்தக் குளிரை உங்கள் வரவேற்பறையில் உண்டாக்க முடியாது. முதல் சுற்றுக்குக் கங்குங் என்கிற நீர்க்கீரை, சாவி என்கிற கடுகுக் கீரை, பக் சோய் என்கிற சீனக் கீரை, புதினா இவற்றில் ஒன்றை எடுங்கள். கங்குங் விதைத்த நாலாவது வாரத்தில் அறுவடைக்கு வந்துவிடும், சூட்டையும் தாங்கும். புதினாவுக்கு விதைகூட வேண்டாம். கடையில் வாங்கிய கட்டிலிருந்து தடித்த தண்டாக நாலைந்து எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு கிளாஸ் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு வாரத்தில் வேர் விடும்.

சாலட் கீரைதான் வேண்டுமென்றால் தலை கட்டும் வகையை விட்டுவிட்டு, இலை இலையாக விரியும் வகையில் சூடு தாங்கும் ரகமாகப் பாருங்கள். கொத்தமல்லி சூட்டிலும் நீண்ட வெளிச்சத்திலும் சீக்கிரம் பூத்துவிடும். முதல் சுற்றில் வேண்டாம். தக்காளிக்கும் மிளகாய்க்கும் கீரையைப்போல இரண்டு மடங்கு வெளிச்சம் தேவை. அவற்றைப் பால்கனிக்கு விட்டுவிடுவது நல்லது.

வேருக்கு எவ்வளவு சூடு தாங்கும்

சாலட் கீரையின் வேருக்கு 18 முதல் 24 டிகிரி சுகம். கங்குங் 28 வரை முணுமுணுக்காது. 30-ஐத் தாண்டினால் எந்தக் கீரைக்கும் ஆபத்துதான். காரணம் இரண்டு பக்கமும் இடிக்கிறது: 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.5-தான். ஆனால் பத்து டிகிரி ஏறும்போது வேர் சுவாசிக்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. வரவு குறைந்து செலவு கூடும் இடத்தில் பிதியம் என்னும் நீர்ப்பூஞ்சை நுழைகிறது. அதற்கு வெதுவெதுப்பான, காற்றில்லாத தண்ணீர் மிகவும் பிடிக்கும்.

இதைச் சமாளிக்கத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம் தேவையில்லை. பலன் தரும் வரிசையில் சொன்னால்:

1. பெட்டியைப் பொலிஸ்டைரீனில் எடுங்கள். பழக்கடைகளில் திராட்சை வந்து இறங்கும் வெள்ளைப் பெட்டி போதும். சௌக்கிட் சந்தையிலோ பினாங்கில் சௌராஸ்தாவிலோ பழக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் வாளி அறைச் சூட்டை அப்படியே உள்ளே விடும், பொலிஸ்டைரீன் தடுக்கும்.
2. பெட்டியை டைல்ஸ் தரையிலேயே வையுங்கள். அலமாரியின் மேல்தட்டு அறையிலேயே சூடான இடம்.
3. விளக்கை இரவில் எரிய விடுங்கள். சாலட் கீரையென்றால் மாலை 6-க்குப் போட்டுக் காலை 10-க்கு அணைத்தால், விளக்கின் சூடும் பகலின் சூடும் ஒரே நேரத்தில் சேராது. செடிக்குப் பகல் எது, இரவு எது என்பதைச் சொல்வது விளக்குதான்.
4. நீரில் மூழ்கி ஓடும் மோட்டார் வேண்டாம். அதன் சூடெல்லாம் தண்ணீருக்குத்தான் போகும். மீன் தொட்டிக்குப் போடும் காற்று பம்பு போதும்.
5. இவ்வளவுக்குப் பிறகும் 29-ஐத் தாண்டினால், ஒன்றரை லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து மூடியோடு பெட்டிக்குள் இறக்குங்கள். 25 லிட்டர் தண்ணீர் ஐந்தாறு டிகிரி வரை இறங்கலாம். மதியம் ஒரு பாட்டில். ஒரே நேரத்தில் மூன்றைப் போட்டால் வேர் அதிரும்.

படுக்கையறையில் இரவு முழுதும் ஏர்கான் ஓடுகிறதென்றால் பெட்டிக்கு அதைவிட நல்ல இடம் வீட்டில் கிடையாது. விளக்கு வெளிச்சத்தில் தூங்க முடியுமா என்பதை வீட்டுக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெட்டியைத் தயார் செய்வது

உள்ளளவு 50க்கு 35 சென்டிமீட்டர், ஆழம் 18 முதல் 20 இருக்கும் பெட்டியாகப் பாருங்கள். அதில் 14 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 25 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆறு செடிக்கு, தலைக்கு 4 லிட்டர் என்று அது சரியாக இருக்கும்.

உள்ளே தடித்த கறுப்புப் பிளாஸ்டிக் தாளை விரித்து விளிம்பில் டேப் ஒட்டுங்கள். இது கசிவைத் தடுக்கும், வெளிச்சத்தையும் தடுக்கும். உரத்தண்ணீரில் வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். பாசி உங்கள் உரத்தைத் தின்று, இரவில் ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும்.

மூடியில் இரண்டு வரிசையாக, 17 சென்டிமீட்டர் இடைவெளியில், ஆறு துளை போடுங்கள். செடியைத் தாங்கும் 5 சென்டிமீட்டர் வலைத்தொட்டிக்கு (நெட் பாட்) 4.5 துளை, விளிம்பு மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கூரிய கத்தியால் அறுங்கள். டின்னைச் சூடாக்கி அழுத்தினால் வேலை வேகமாக முடியும், ஆனால் வரும் புகை மூடிய வீட்டுக்குள் சுவாசிக்கத் தகுந்ததல்ல.

காற்றைச் சிறு குமிழிகளாக விடும் காற்றுக்கல்லைப் பெட்டியின் நடுவில் வைத்து, நிமிடத்துக்கு 4 லிட்டர் காற்று தரும் சிறு பம்போடு இணையுங்கள். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். முடியாவிட்டால் குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள். இல்லையென்றால் மின்சாரம் போகும்போது தண்ணீர் குழாய்வழியே திரும்பிப் பம்புக்குள் இறங்கி, அங்கிருந்து பிளக்குக்குப் போகும். மின்கம்பிகள் சுவரை அடையுமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும். கம்பி வழியே வழியும் நீர் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும். மலேசியத் தரநிர்ணய நிறுவனமான சிரிமின் முத்திரை இல்லாத டைமரையும் எக்ஸ்டென்ஷனையும் தண்ணீர்ப் பக்கம் கொண்டுவராதீர்கள்.

விதை முளைக்காத மர்மம்

கங்குங், சாவி விதைகள் இங்குள்ள சூட்டில் தாராளமாக முளைக்கும். கங்குங் விதையை மட்டும் ஓர் இரவு ஊறவையுங்கள், ஓடு தடிப்பு. சாலட் கீரை விதையோ 28, 30 டிகிரியைத் தாண்டினால் தூங்கிவிடும். விதை பழையது என்று கடைக்காரரைத் திட்டுமுன், ஈரத் துணித்தாளில் மடித்து டப்பாவில் போட்டு இரண்டு நாள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். பிறகு ஏர்கான் அறையில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் வெண்முனை எட்டிப் பார்க்கும். மீதி விதையையும் காற்றுப் புகாத புட்டியில் சிலிகா ஜெல் பையோடு ஃபிரிட்ஜிலேயே வையுங்கள். இங்குள்ள ஈரக்காற்றில் திறந்த பாக்கெட் சில மாதத்தில் வீணாகும்.

முளைத்த விதையை 2.5 சென்டிமீட்டர் பஞ்சுத் (ஸ்பாஞ்சு) துண்டில் வைத்து அன்றைக்கே விளக்கின் கீழ் கொண்டுபோங்கள். ஒரு நாள் இருட்டில் கிடந்தாலும் தண்டு நூலாக நீண்டு சாயும்; பிறகு அது நிமிராது. மூன்றாவது இலை வரும்போது, வேர் பஞ்சுக்கு வெளியே தெரிந்தால், வலைத்தொட்டிக்கு மாற்றலாம்.

தண்ணீரும் உரமும்

குழாய்த் தண்ணீரை முந்தின இரவே பிடித்து, மூடியால் முக்கால்வாசி மறைத்து வைத்தால் குளோரின் குறையும், சூடும் இறங்கும். தண்ணீர் வெட்டு முடிந்து முதலில் வரும் கலங்கல் தண்ணீரைப் பெட்டிக்கு எடுக்காதீர்கள்.

இங்கே விற்கும் ஏபி உரம் இரண்டு புட்டியாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஏ-யில் கால்சியம்; பி-யில் சல்பேட்டும் பாஸ்பேட்டும். அடர்த்தியாக இருக்கும்போது இரண்டும் சந்தித்தால் வெள்ளைப் படிவாக அடியில் இறங்கிவிடும்; அதைச் செடியால் உறிஞ்ச முடியாது. முதலில் ஏ-யைத் தண்ணீரில் ஊற்றி நன்றாகக் கலக்குங்கள், பிறகு பி. அளக்கும் மூடியும் தனித்தனியாக இருக்கட்டும்.

புட்டியில் லிட்டருக்கு ஏ 5 மில்லி, பி 5 மில்லி என்று இருந்தால் 25 லிட்டருக்குத் தலா 125 மில்லி. நாற்று நட்ட முதல் வாரம் பாதி போதும்: தலா 60. அதன் பிறகு, தண்ணீரின் மின்கடத்துதிறனை வைத்து எவ்வளவு உரம் கரைந்திருக்கிறது என்று காட்டும் இசி மீட்டர் சொல்வதைக் கேளுங்கள். சாலட் கீரைக்கு 1.0 முதல் 1.4, சாவிக்கும் பக் சோய்க்கும் கங்குங்குக்கும் 1.5 முதல் 2.0. மீட்டர் பிபிஎம்மில் காட்டினால் அதன் அளவுகோலைப் பாருங்கள்: 500 அளவுகோலில் இசி 1.2 என்பது 600, 700 அளவுகோலில் அதே தண்ணீர் 840. பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு உங்கள் எண் ஒத்துப்போகாததற்கு இதுவே காரணமாக இருக்கும்.

சூட்டில் செடி உரத்தைவிடத் தண்ணீரை அதிகம் குடிக்கும். அதனால் மட்டம் இறங்க இறங்க இசி ஏறும். அப்போது வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். இசி இறங்கியிருந்தால்தான் உரம். 'வாரம் ஒரு மூடி' என்று கணக்கு வைத்து ஊற்றுவதால்தான் இலை நுனி கருகுகிறது.

தண்ணீரின் அமில அளவைச் சொல்லும் பிஎச் 5.5 முதல் 6.5-க்குள் இருக்க வேண்டும். உரம் கலந்து பதினைந்து நிமிடம் கழித்து அளங்கள்; உரமே பிஎச்சைக் கொஞ்சம் இறக்கும். கூடுதலாக இருந்தால் பிஎச் டவுன் திரவத்தில் 1 மில்லியை ஒரு கிளாஸ் தண்ணீரில் விட்டு, அந்தக் கிளாஸைப் பெட்டியில் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் பொறுத்து மறுபடி அளங்கள். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது; தண்ணீரில்தான் அமிலம். செடி வளர வளரப் பிஎச் தானாக மேலேறும், பயப்பட ஒன்றுமில்லை. வாரம் இருமுறை பார்த்தால் போதும். மலிவான பிஎச் பேனாவின் கண்ணாடி முனை காய்ந்தால் எண் பொய்யாகும். அதைப் பேனாவுக்கான சேமிப்புத் திரவத்தில் வையுங்கள், மாதம் ஒருமுறை 4, 7 தூள் கரைசலில் சரிபாருங்கள். அதற்குச் சோம்பலென்றால் சொட்டு விட்டு நிறம் பார்க்கும் பரிசோதனைப் பெட்டியே மேல்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முழுத் தண்ணீரையும் மாற்றுங்கள். பழையதைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம். பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டி இருந்தால் அதற்கு ஊற்றலாம்.

தண்ணீர் மட்டம் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நட்ட அன்று தண்ணீர் வலைத்தொட்டியின் அடியை ஒரு சென்டிமீட்டர் தொடட்டும். வேர் பத்து சென்டிமீட்டர் நீண்டதும் மட்டத்தை இறங்க விட்டு, மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே 7, 8 சென்டிமீட்டர் காற்றிடம் வையுங்கள். அங்கே மென்மயிர் போர்த்திய காற்றுவேர்கள் உண்டாகும். இடியோடு மழை பெய்து மின்சாரம் போய்ப் பம்பு நிற்கும் மாலைகளில் செடியைக் காப்பவை அவைதான். ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிராட்கி பம்பே இல்லாமல் கீரை வளர்க்கும் முறையை இந்தக் காற்றுவேரை நம்பித்தான் உருவாக்கினார். 'தண்ணீர் குறைந்துவிட்டதே' என்று மறுபடி விளிம்புவரை நிரப்பினால் அவை மூழ்கி அழுகும்.

வெளிச்சம்

நம் கண் இதில் ஏமாறும். பளிச்சென்று தெரியும் வரவேற்பறையில் 200, 300 லக்ஸ்தான் இருக்கும். கீரைக்கு வேண்டியது 13,000 முதல் 15,000. கங்குங் இன்னும் கொஞ்சம் கேட்கும். சன்னலோரத்தை நம்புவதற்கும் இங்கே இடைஞ்சல் உண்டு. சூரியன் நடுப்பகலில் தலைக்கு நேரே போவதால் கூரைத் தாழ்வாரம் வெயிலை மறைத்துவிடும். கிழக்கு, மேற்குச் சன்னலுக்கு இரண்டு மூன்று மணிநேரம் கிடைக்கும். வடக்குச் சன்னலுக்கு ஜூனை ஒட்டியும் தெற்குச் சன்னலுக்கு டிசம்பரை ஒட்டியும்தான் நேர்வெயில். புகைமூட்ட நாட்களில் அதுவும் மங்கும்.

மேற்சொன்ன பெட்டிக்கு 2 அடி நீள, 9 வாட், 6500 கெல்வின் வெள்ளை எல்இடி டியூப் நாலு போதும். ஊதா விளக்கு தேவையே இல்லை. அதன் கீழ் இலை மஞ்சளாகிறதா என்றுகூடக் கண்ணுக்குத் தெரியாது. நாற்றாக இருக்கும்போது 30 சென்டிமீட்டர் உயரத்திலும் பிறகு இலைக்கு மேல் 20 சென்டிமீட்டரிலும் தொங்கவிடுங்கள். பக்கங்களில் வெள்ளை அட்டை நிறுத்தினால் சிதறும் வெளிச்சம் திரும்பி வரும். கைப்பேசி லக்ஸ் செயலி துல்லியமில்லை, ஆனால் நடுவில் 14,000, மூலையில் 6,000 என்று ஏற்றத்தாழ்வைக் காட்டிக்கொடுக்கும். அதற்கேற்பச் செடிகளை வாரம் ஒருமுறை இடம் மாற்றுங்கள்.

சாலட் கீரைக்கு 16 மணிநேரம். சாவிக்கும் பக் சோய்க்கும் 12, 13 மணிநேரம்தான். கூடினால் பூக்கத் தண்டு ஓடும். 36 வாட் 16 மணிநேரம் எரிந்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 17 யூனிட். டைமர் போட்டுவிடுங்கள், கையால் போட்டு அணைப்பது மூன்றாம் நாளே மறக்கும்.

காற்று

ஈரப்பதம் 55 முதல் 75 விழுக்காடு இருந்தால் நல்லது. மழைக்காலத்தில் சன்னல் மூடிய அறையில் 85-ஐத் தாண்டும். அப்போது இலையிலிருந்து நீர் ஆவியாகாது. ஆவியாகாவிட்டால் வேரிலிருந்து கால்சியம் மேலே ஏறாது. உள்ளே மடிந்திருக்கும் இளம் இலைகளின் ஓரம் முதலில் கண்ணாடிபோல் நீர்கோத்து, இரண்டே நாளில் பழுப்பாகக் கருகும். உரக்குறை என்று நினைத்து இன்னும் உரம் ஊற்றினால் கருகல் கூடும். தேவை ஒரு சின்ன மேசை விசிறி: ஒரு மீட்டர் தள்ளி, குறைந்த வேகத்தில், விளக்கு எரியும் நேரமெல்லாம். இலை லேசாக நடுங்கினால் சரி. படபடவென்று அடித்தால் அதிகம். ஏர்கான் காற்று நேராக இலையில் படக்கூடாது.

கார்பன்டையாக்சைடு சேர்க்கும் சிலிண்டர், பைகள் எல்லாம் வீட்டுக்குத் தேவையில்லை. இரண்டு பேர் தூங்கும் மூடிய அறையில் அது ஏற்கெனவே வெளியைவிட அதிகம்.

கொசு

மலேசியாவில் இதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. தெளிந்த, அசையாத தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்கு ஏற்ற இடம். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். வீட்டில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால், நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சுகாதார அதிகாரிகள் தண்டம் விதிக்கலாம், செடித்தொட்டி என்று சொல்லித் தப்ப முடியாது. மூடி இறுக்கமாக உட்காரட்டும். வலைத்தொட்டியின் ஓர இடைவெளிகளையும் காற்றுக்குழாய் நுழையும் துளையையும் பஞ்சால் அடையுங்கள். செடி இல்லாத துளையைத் திறந்தே விடாதீர்கள். வாரம் ஒருமுறை மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். புழு தெரிந்தால் அன்றைக்கே தண்ணீரை மாற்றிப் பெட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர்த் தொட்டிகளுக்குப் போடும் கொசுப்புழு மருந்தான ஏபேட் தூளைச் சாப்பிடும் கீரைக்குப் போட வேண்டாம்.

எங்கே பிழை என்று கண்டுபிடிப்பது

செடி வாடினால் இலையைப் பார்க்காமல் மூடியைத் தூக்கி வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ பால்நிறமாகவோ இருக்கும், இழுத்தால் அறாது. பழுப்பாக வழவழப்பாக இருந்தால் ஒரு வேரை விரலிடுக்கில் பிடித்து உருவுங்கள். மேல்தோல் உறைபோல் கழன்று வந்து நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் அது அழுகல், வாடையும் சொல்லும். அந்தச் செடியை எறிந்துவிட்டு, பெட்டியைக் குளோராக்ஸ் (ப்ளீச்) கலந்த தண்ணீரால் கழுவி, நன்றாக அலசிக் காயவைத்து, புதுக் கரைசலில் தொடங்குங்கள். தண்ணீர் சூட்டைக் குறைக்காமல் மருந்து மட்டும் தேடினால் அடுத்த வாரமே திரும்ப வரும். உரத்தின் நிறமே வேரில் ஏறிப் பழுப்பாவதும் உண்டு. அது உறுதியாக இருக்கும், நாறாது.

கீழ் இலைகள் மஞ்சளானால் உரம் குறைவு, இசி பாருங்கள். மேல் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து ஏறவில்லை. பெரும்பாலும் பிஎச் 7-ஐ நெருங்கியிருக்கும், இரும்பு வாங்கிப் போடாமல் பிஎச்சை இறக்குங்கள். தண்டு நீண்டு இலை சிறுத்தால் வெளிச்சம் போதவில்லை. இலையடியில் அசுவினி தெரிந்தால் செடியைத் தூக்கிச் சமையலறைக் குழாயில் இரண்டு நாளுக்கு ஒருமுறை கழுவுங்கள். வீட்டுக்குள் மருந்தடிக்கும் அளவுக்கு ஆறு செடியில் ஒன்றுமில்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போனால்

வளர்ந்த ஆறு செடி நாளொன்றுக்கு ஒரு லிட்டர் அளவு குடிக்கும். பெட்டியில் 15 லிட்டர் இருந்தால் ஒரு வாரம் கவலையில்லை. கிளம்பும் முன் இசியைக் கொஞ்சம் கீழேயே வையுங்கள்; சாலட் கீரைக்கு 0.9 போதும், தண்ணீர் குறையும்போது தானாக ஏறும். விளக்கை 10 மணிநேரமாகக் குறைத்து, டைமரை நடுராத்திரிக்கு மாற்றுங்கள். பம்பும் விசிறியும் ஓடட்டும். முதிர்ந்த செடிகளை அறுத்து எடுத்துக்கொண்டு, காலியான துளைகளை அடைத்துவிட்டுப் போங்கள்.